ரேடியோ சூல்கொண்ட ஐந்து நாட்கள்

அன்று மாலை ஆறு மணிக்கு வேளாந்துறைப் பஞ்சாயத்து ரேடியோ அறையின் முன்னால் இருந்தவர்கள்: ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை மோத்தா ஒருவர், விசைப்படகு வைத்திருக்கும் கஸ்பார், அவருடைய ஆட்கள் இரண்டு பேர், கடலுக்குப் போய் நான்கு நாளாகத் திரும்பாத சந்தியாகுவின் மனைவி அமலோற்பவம், அவள் மகள் ஜெபமணி, அதே வள்ளத்தில் போன மற்ற மூவரில் இஞ்ஞாசியின் மனைவி ரொசாரி, கித்தேரியானின் தாய் மதலேனம்மாள், பர்னாந்தின் மகள் ஸ்டெல்லா, வலை சரிசெய்துகொண்டிருந்த ஆண்கள் பதினொன்று, மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் எட்டு, மற்றப் பிள்ளைகள் ஏழு, பக்கத்து ஊரிலிருந்து சுண்டல் கொண்டுவரும் பெரியசாமி, ரேடியோவைப் போட்டு அணைக்கும் வேலையில் இருந்த நான். மொத்தம் முப்பத்தேழு. பஞ்சாயத்து கொடுத்த பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும். வெறும் எண்ணை யாரும் சந்தேகப்படலாம் என்று நான் பேரையும் எழுதிவந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவாவது ஒழுங்காக வரட்டும் என்று நினைத்தேன்.

ஆறு பத்துக்கு வானிலை சொன்னார்கள். அது முடிந்து பாட்டு வரவேண்டிய இடத்தில் சந்தியாகுவின் குரல் வந்தது.

"அமலி, நான்தான்" என்றது ரேடியோ. "நாலு பேரும் இருக்கோம். வள்ளம் பாருல மோதிப் பொளந்துட்டு. பாரு மேலயே நிக்கோம். வத்தத்துல முட்டளவு தண்ணி, ஏத்தத்துல நெஞ்சளவு. கேன்ல தண்ணி கொஞ்சம் கெடக்கு. ராத்திரி பெஞ்ச மழையச் சட்டையில புழிஞ்சு குடிச்சோம்."

அறைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் நான்கு தெருவையும் பார்த்து நான்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தது. நான்கு குழாயிலும் அவன் குரல் போனது. அமலோற்பவம் எழுந்து போய் பெட்டியின் முன்னால் நின்றாள். நேரில் நிற்கிறவனிடம் கேட்பதுபோல, "எந்தப் பாரு? நீரு எங்கய்யா இருக்கீரு?" என்று கேட்டாள். வலைக்காரர்களில் ஒருவர் மெதுவாக, "அப்ப இன்னைக்குப் பாட்டு கிடையாதாவே?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் தட்டினார். ரேடியோவில் அவன் குரல் வந்ததைப் பற்றி அன்று யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. ரேடியோ என்றால் தூரத்தில் இருப்பவர் பேசுவது. சந்தியாகு தூரத்தில் இருந்தான்.

"அங்க யாரெல்லாம் இருக்கா?" என்று கேட்டான் சந்தியாகு.

அவள் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தைக் கண்டு, "ஊரே இருக்குய்யா" என்றாள்.

"ரேடியோக்காரரே, பேரை வாசியும்" என்றான்.

நான் பதிவேட்டை எடுத்து முப்பத்தேழு பேரையும் வாசித்தேன். இரண்டாவதாகக் கஸ்பார் பேர் வந்தபோது பெட்டிக்குள் கடல் சத்தம் மட்டும் கேட்டது. வாசித்து முடித்ததும், "நாளைக்குப் பேசுவோம் அமலி" என்றான். அதோடு பாட்டு வந்துவிட்டது.

அன்று அவன் பேசிய சொற்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.

அவன் இடத்தைச் சொல்லாதது வெளியூர் ஆட்களுக்கு விளங்காது, எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடலில் தெரு கிடையாது, கதவிலக்கம் கிடையாது. பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் கல்திட்டு. மீன் அங்கேதான் தங்கும். அதற்குத் திரும்பிப் போக ஒரே வழி கணியம் பார்ப்பது. கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேரில் வைத்தால் ஒரு கோடு. வேறு இரண்டை அப்படி வைத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார். சுக்கான் பிடிப்பவனுக்கு மட்டும்தான் அது தெரியும். அவன் கணியம் பார்க்கும்போது வள்ளத்தில் உள்ள மற்றவர்கள் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கூடப்பிறந்த தம்பியானாலும் அப்படித்தான். பெண்டாட்டிக்கும் சொல்வதில்லை. சந்தியாகுவின் அப்பா ஒரே ஒருமுறை, மச்சினன் முறை என்று நம்பி, ஒரு பாரின் கணியத்தைக் கஸ்பாரின் அப்பாவிடம் சொன்னார். அடுத்த பௌர்ணமிக்குள் அந்தப் பாரில் கல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. மிச்சமிருந்த இந்த ஒரு பாரில்தான் நான்கு குடும்பம் சாப்பிட்டது. அதை நான்கு குழாயில் ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வான் என்று அன்றிரவு ஊரே அவன் பக்கம்தான் பேசியது. அமலோற்பவம் மட்டும், "உசுரு போயிட்டா பாரை வச்சு என்ன செய்ய?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியும் முன்னே இருபத்துமூன்று வள்ளமும் கஸ்பாரின் விசைப்படகும் தேடப் போயின, ஒன்றும் காணாமல் பகலில் திரும்பின. அரசாங்க ஆபீசில் எழுதிக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டால் அமலோற்பவம் மட்டும் காதை வைத்துக் கேட்கலாமே என்று தலைவர் சொன்னார். குமிழைத் திருகிப் பார்த்தோம். குறைத்தால் குரல் குறையவில்லை, மறைந்தது. ஊர்ப்பெட்டிக்கு ஊருக்குப் பேசத்தான் தெரியும். அதனால் தலைவர் கோயில் மணியை அடித்து, ஆறு மணிக்கு ஊரே பனங்காட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்தார். போனார்கள். ஊரில் அப்போது இருந்த நானூற்றுப் பதின்மூன்று பேரில் போனவர்கள் நானூற்றாறு. அமலோற்பவமும் நானும் நீங்கலாக மிஞ்சியவர்கள் ஐந்து.

"அந்த அஞ்சு பேரு யாரு?" என்று கேட்டான் சந்தியாகு.

படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் இரண்டு, பிரசவமாகி மூன்று நாளான பெண்ணும் குழந்தையும், கஸ்பாரின் தாய் என்று வாசித்தேன். வாசிக்கும்போதே, "அந்தம்மாவுக்குக் காது கேக்காதுப்பா" என்றும் சேர்த்தேன்.

"யாருவே சொன்னது? பங்கு பிரிக்கும்போது மட்டும் அவளுக்கு நல்லாக் கேக்கும்" என்றான்.

அமலோற்பவம் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உமக்குத் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணித் தாரேன், சொல்லும். பிள்ள கேக்காய்யா, அப்பா எப்ப வருவாருன்னு."

"சொன்னா வந்துருவேன், சரி. வந்த பொறவு நாலு வீடும் எதத் திங்கும்?" என்றான். அன்று சொற்கள் நூற்றுத்தொண்ணூறு.

அவள் கையை எடுத்தபோதுதான் பெட்டியின் வலது பக்கத்தில் ஒரு முளையைப் பார்த்தோம். புளியங்கொட்டை அளவு, கண்ணாடி, தொட்டால் வெதுவெதுப்பு. காலையில் அது தேங்காய் அளவாகியிருந்தது. பிள்ளை பெற்ற பெண்கள் எட்டுப்பேர் வந்து, நாடி பார்ப்பதுபோல் பெட்டியின் மரப்பலகையில் கைவைத்துப் பார்த்துவிட்டு, ரேடியோ சூல்கொண்டிருக்கிறது, இரண்டு நாள் தாங்காது என்று சொன்னார்கள். பங்குச் சாமி வந்து தீர்த்தம் தெளித்தார். யாரோ ஒரு பழைய சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்கள். அறைக்கு முன்னால் சத்தம் போட்டு விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. பெரியசாமி சுண்டலோடு வேர்க்கடலையும் கொண்டுவந்தார்.

முளை வளர வளரக் குரல் இளைத்தது. மூன்றாம் நாள் சொற்கள் நூற்றொன்று. இதை நான் ஒருவன்தான் கவனித்தேன், ஏனென்றால் நான் ஒருவன்தான் எண்ணினேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் அமலோற்பவத்திடம் மட்டும் தனியாகச் சொன்னேன். அவள் நேராகக் கமிட்டி முன்னால் போய் நின்றாள்.

"அத அறுத்துருங்க மாமா" என்றாள் தலைவரிடம். "அது அவரு குரலக் குடிச்சுத்தான் வளருது. அறுத்துட்டா இன்னும் நாலு நாளைக்குப் பேசுவாரு. பேசப் பேச மனசு எறங்கிருவாரு. எனக்கு அவரத் தெரியும்."

மதலேனம்மாள் குறுக்கே விழுந்தாள். "ஏட்டி, ஒனக்குக் குரலாவது கேட்டுட்டு. எம்பிள்ள இன்னும் ஒரு வார்த்த பேசல. வாரது கண்ணாடிட்டி. கண்ணாடின்னா மொகம் தெரியும். எம்பிள்ள மொகத்தப் பாக்கக் கூடாதா நான்?"

பெட்டிக்குள்ளிருந்து சந்தியாகுவே பேசினான், சளி பிடித்தவன்போல. "வளரட்டும் அமலி. இது ஊருக்குப் பேசுற பெட்டி. இதுல இருந்து வாரது இதவிடச் சின்னதா, மெதுவாப் பேசுறதா இருக்கும். ஒனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒண்ணு வரும். பொறு."

கை தூக்கச் சொன்னார்கள். அறுக்க வேண்டும் என்றவர்கள் பத்தொன்பது, வளரட்டும் என்றவர்கள் நூற்று எண்பத்தெட்டு, கை தூக்காதவர் ஒருவர். எண்ணுகிறவன் தூக்கினால் எண்ணுவது யார் என்று நான் தூக்கவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டி பிறந்தது. ஆள் உயரத்தில் பாதி, முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் நான்கு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில், உப்புப் பூத்த முகத்தோடு நின்றார்கள். பழைய ரேடியோவைத் தூக்கிப் பார்த்தேன், சிப்பி ஓடுபோல் கனமே இல்லாமல் இருந்தது. தொலைக்காட்சி என்ற சொல்லை நாங்கள் அதற்கு முன் பேப்பரில் படித்திருந்தோம், அவ்வளவுதான். ஊர் அதைப் பழக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பாய்கள் வந்தன. முதல் வரிசை நான்கு வீட்டாருக்கு என்று கமிட்டி சொல்லிவிட்டது. அழுகிற பெண்கள் ஒரு பக்கம், சமைக்கிற பெண்கள் ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்தார்கள், களைத்தபோது இடம் மாறிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் இருநூற்று அறுபத்துநான்கு. அவர்களில் சிலர் நான்கு பேரில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று கேட்டுக்கொண்டார்கள்.

"எளைச்சுட்டான்" என்று மதலேனம்மாள் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர்களுக்குப் பின்னால் கரையின் ஒரு மூலையாவது தெரிகிறதா என்று மூத்த மீனவர்கள் உற்றுப் பார்த்தார்கள். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. தண்ணீர் பச்சையா நீலமா என்று ஒரு சண்டை நடந்து, இரண்டு பேர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டி பார்க்கவும் செய்தது. சந்தியாகு எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பது தெரிந்தது. கஸ்பார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் முழங்காலிட்டார்.

"மச்சான், அந்தோணியார் மேல ஆணை. ஒம் பாருல என் வலை விழாது. டீசல் போட்டு எஞ்சினு ஓடிக்கிட்டே நிக்கி. சொல்லுவே."

சந்தியாகுவின் உதடு வெடித்திருந்தது. "ஒங்கப்பனும் இப்படித்தாம்வே முட்டுக்காலு போட்டாரு" என்றான்.

கூட்டத்தில் சிரித்தவர்கள் பலர், நான் எண்ணவில்லை. பர்னாந்து கண்ணாடிக்குள் சந்தியாகுவின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். சந்தியாகு அவன் கையை விலக்கிவிட்டான். அன்று சொற்கள் நாற்பத்தெட்டு.

அதற்குள் ஊருக்கே அவனுடைய நம்பிக்கை தொற்றிவிட்டிருந்தது. சின்னதாக ஒன்று வரும், மெதுவாகப் பேசும், அதில் சொல்லிவிடுவான் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தச்சர் நான்கு வீட்டிலும் அது வைக்கச் சுவரில் பலகை அடித்துவிட்டார். அமலோற்பவம் அந்தப் பலகையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். "பெட்டி பெத்துக்கிட்டே இருக்கும், அவரு கொறஞ்சுக்கிட்டே இருக்காரு" என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் பெரிய கண்ணாடியின் அடியில், கல்லில் சிப்பி ஒட்டியிருப்பதுபோல், உள்ளங்கை அகலத்தில் நான்கு சின்னக் கண்ணாடிகள் இருந்தன. இப்போது ஆளுக்கு ஒன்று கையில் வைத்திருக்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். பெரிய பெட்டி வெறும் ஓடாகிவிட்டது. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு முகம் மட்டும் தெரிந்ததால் யாருடையது யாருக்கு என்பதில் குழப்பம் இல்லை. தலைவர் எடுத்துக் கொடுத்தார், அவரவர் முந்தானையில் மூடிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஐந்து நாளில் முதல்முறையாக ரேடியோ அறையின் முன்னால் ஒருவரும் இல்லை.

ரொசாரி வீட்டில்தான் முதலில் பேசியது. "ஆடு ஈன்டுட்டா? எத்தன குட்டி? பால அம்மைக்குக் குடு. நீ அழாத, நான் சீக்கிரம் வாரேன்" என்று இஞ்ஞாசி சொன்னான். கண்ணாடி கறுத்துவிட்டது. அவள் ஓடிவந்து என்னிடம் சொல்ல, விரல்விட்டு எண்ணினேன், பன்னிரண்டு. மதலேனம்மாள் கண்ணாடியில் கித்தேரியான் பன்னிரண்டு தடவையும் அம்மா என்றே சொன்னான். ஸ்டெல்லாவின் கண்ணாடியில் பர்னாந்து சந்தியாகுவைத் திட்டித் தீர்த்தான். அதுவும் பன்னிரண்டு, எழுதக்கூடியவை அவற்றில் ஐந்து. முந்தின நாள் நாற்பத்தெட்டு நான்காகப் பிரிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அமலோற்பவத்தின் கண்ணாடி இன்னும் பேசவில்லை.

நான் போய்ச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் எங்களுக்குள் பேச்சே ஐந்தாறு முறைதான். "அண்ணாச்சி, நீங்க கூட இருங்க. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்னா கேக்க மறந்துருவேன். பத்து வந்தா கையக் காட்டுங்க. வாயத் தொறக்காதீங்க" என்றாள். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, கண்ணாடியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். நான் சுவர் ஓரமாக, கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில், பென்சிலோடும் பதிவேட்டோடும் உட்கார்ந்தேன். மணி மூன்றே முக்கால். வெளியே கஸ்பாரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடம் தெரிந்தால் பொழுது இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"அமலி" என்றது கண்ணாடி. மிகவும் மெதுவான குரல். அவன் சொன்னது சரிதான், அவளுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இருந்தது. நான் ஒரு கோடு போட்டேன்.

"சொல்லும். யாருமில்ல. கதவெல்லாம் சாத்திட்டேன். நானும் நீரும்தான்."

பிறகு, அந்த நான்கு நாளும் கேட்ட அதே பழக்கத்தில், அதே குரலில் கேட்டான்.

"ரேடியோக்காரரே, பேரை வாசியும்."

நான் வாசித்தேன். "அமலோற்பவம் ஒன்று. நான் இரண்டு. மொத்தம் இரண்டு பேர்."

அமலோற்பவம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. வாசித்து முடித்த பிறகுதான் என் வாய் திறந்திருந்ததை நான் உணர்ந்தேன். பேரை வாசியும் என்றால் இருப்பவர்களை வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர என் வாழ்நாளில் நான் வேறு ஒன்றும் கற்றிருக்கவில்லை. என் காதில் விழுவது பதிவேட்டில் ஏறும், பதிவேடு ஊர்ப் பொதுவில் விரித்துக் கிடக்கும் என்பது சந்தியாகுவுக்குத் தெரியும். அவன் யோசிப்பது கண்ணாடியில் தெரிந்தது என்று அவள் பிறகு சொன்னாள். தண்ணீர் நெஞ்சைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது என்றும் சொன்னாள்.

"கோயில் கோபுரம் ஒத்தப்பனைக்கு நேரா" என்றான். எட்டு.

"இன்னொரு நேரு? ஐயா, இன்னொண்ணு?" என்று அவள் கண்ணாடியை முகத்தோடு சேர்த்துக்கொண்டு கத்தினாள்.

"அவரு போவட்டும்" என்றான். பத்து.

கையைக் காட்டிவிட்டு எழுந்து வெளியே போனேன். கதவிலிருந்து தெருமுனை வரை அறுபத்தொரு அடி. முனையில் திரும்பி நின்றபோது அவள் அலறுவது கேட்டது. நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும்: அவன் கரையைத் திரும்பிப் பார்த்து, ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, சொல்வதற்கு வாயைத் திறந்தான். அலை அவன் தலைக்கு மேலே போனது. அது வடிந்தபோது அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஒரு கோடு என்பது கரையிலிருந்து கடலின் முடிவு வரை போகும். கோபுரத்தையும் ஒற்றைப்பனையையும் நேரில் வைத்து இருபத்துநான்கு படகும் அந்தக் கோட்டிலேயே ஈயக்குண்டு இறக்கிப் பார்த்துக்கொண்டே போயின. இருட்டில் கோபுரமும் தெரியாமல், பனையும் தெரியாமல், கோட்டை விட்டு விலகி, விடிந்ததும் திரும்பக் கோட்டைப் பிடித்து, காலை ஒன்பது நாற்பதுக்குக் கஸ்பார்தான் பாரைக் கண்டுபிடித்தார். இஞ்ஞாசியும் பர்னாந்தும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கயிற்றின் மூன்றாவது முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. கித்தேரியான் விடிவெள்ளி வரைக்கும் நின்றான் என்று இஞ்ஞாசி சொன்னான். முந்தின மாலையே இடம் தெரிந்திருந்தால் அவன் இருந்திருப்பான். இதை மதலேனம்மாள் என்னிடம் கேட்டாள், நான் ஆமாம் என்றேன்.

கஸ்பார் அன்று அந்தப் பாரில் வலை போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மூன்று வாரம் போடவில்லை. பிறகு மற்ற வள்ளங்கள் போக ஆரம்பித்ததும் அவரும் போனார். இப்போது அந்தப் பாருக்குக் கணியம் பார்க்கத் தெரியாதவர் ஊரில் இல்லை. இன்னொரு நேர், கலங்கரை விளக்கமும் மலையும். நாங்களெல்லாம் கலங்கரை விளக்கம் மலைக்கு நேரா என்று நான்கு சொல்லில் சொல்வோம். சந்தியாகு சுருக்கமாகப் பேசுபவன். "விளக்குக்கு மலை" என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பான், வீட்டிலும் அப்படித்தான் பேசுவான் என்கிறாள் அமலோற்பவம்.

மற்ற மூன்று கண்ணாடியும் கறுத்து, உதிர்ந்து, மணலாகிவிட்டன. அவளுடையது மட்டும் கறுக்கவில்லை. உள்பக்கம் தண்ணீர் நிற்கிறது, தொட்டால் வெதுவெதுப்பு. மாலையில் அதை மடியில் வைத்துக் கதவைச் சாத்தி உட்காருகிறாள். நான் தெருமுனையில் அறுபத்தொரு அடிக்கு அப்பால் நிற்கிறேன், அதற்கு உள்ளே வருவதில்லை. வெளியே வந்ததும் என்னிடம், சரியாக எண்ணினீங்களா, எத்தனை என்று கேட்கிறாள். நான் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன். நான்கு கண்ணாடியிலும் சேர்த்து நாற்பத்தெட்டு. செலவானது நாற்பத்தாறு. மிச்சம் இரண்டு.